குத்து வீட்டுக்குச் சொன்ன விலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்தில், உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்து வீட்டை விற்றுவிடுவது என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம். நான் அந்த வட்டாரத்துப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது எழுபத்தாறு வயது. இந்தச் சம்பவத்தை என் மகளிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. எழுதினால் முழுதாக எழுத வேண்டும் என்பதால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

விற்பதற்குக் காரணம் என் மனைவியின் கால். பொங்கல் கழிந்த வாரம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கைக்கு அசைவு இரண்டு வாரத்தில் திரும்பிவிட்டது. வலது கால் வரவில்லை. செங்கல்பட்டில் பார்த்த டாக்டர், "முதல் ஆறு மாசம்தான் சார் முக்கியம். தினமும் பிசியோதெரபி குடுத்தா நடந்துடுவாங்க. விட்டுட்டா அப்புறம் கஷ்டம்" என்று சொல்லிவிட்டார். கிராமத்திலிருந்து கார் வைத்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு நாள் போய்வருவதற்குள்ளேயே அவள் துவண்டு போனாள். செங்கல்பட்டில் இருக்கும் மகள் வீடு இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. வாடகைக்குப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். தேடினோம். வாசலில் படி இல்லாத, சக்கர நாற்காலி நுழைகிற கதவுள்ள கீழ்த்தள வீடு கிடைப்பது அரிது. கிடைத்த இரண்டு வீட்டுக்காரர்களும் நோயாளி என்றதும் இழுத்தார்கள். கிராமத்து வீட்டை விற்று, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கீழ்த்தள ஃபிளாட் வாங்கிவிடலாம் என்பது எங்கள் கணக்கு. தையிலிருந்து எண்ணினால் ஆறாவது மாதம் ஆனியோடு முடிகிறது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு பார்க்கவும் வரமாட்டார்கள்.

வீட்டில் ஒரு குறையும் கிடையாது. ஆறு சென்ட் மனை, தளம் போட்ட மெத்தை வீடு, எந்தக் கோடையிலும் வற்றாத கிணறு, மூன்று தென்னை. வீட்டுத் தரகர் பைக்கில் வந்து சுற்றிப் பார்த்தார். சட்டைப்பையில் நான்கு பேனா வைத்திருக்கும் மனிதர். அதில் ஒன்றுகூட எழுதி நான் பார்த்ததில்லை.

"வூடு சூப்பரா கீது சார். தண்ணி கீது, பட்டா கீது, ரோடு கீது. முப்பத்தாறு லட்சத்துக்குக் கண்ண மூடிக்கினு போவும். ஒண்ணே ஒண்ணுதான் பேஜாரு."

"என்னய்யா?"

"அதான் சார். குத்து."

நேராக வருகிற ஒரு தெரு ஒரு வீட்டு வாசலில் முட்டி நின்றால், அந்த வீட்டுக்குத் தெருக்குத்து என்பார்கள். குடியிருப்பவர்களுக்கு ஆகாது, ஆளை அடித்துவிடும் என்று நம்பிக்கை. எங்கள் வீடு அப்படித்தான் நின்றது. ஊரில் அதற்குப் பெயரே குத்து வீடு. நான் குத்து வீட்டு வாத்தியார். என் மனைவி குத்து வீட்டு வாத்தியாரம்மா. இருபத்தெட்டு வருடம் அதைக் கேட்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வாங்க வந்தவர்கள் சிரிக்கவில்லை. வருகிறவர்கள் யாராக இருந்தாலும் கேட்டைத் திறப்பதற்கு முன்னால் திரும்பி நின்று தெருவைத்தான் பார்த்தார்கள். வாலாஜாபாத்திலிருந்து வந்த ஒருவர் தன் மனைவியைக் காரை விட்டே இறங்க விடவில்லை. இன்னொருவர் கிணற்றுத் தண்ணீரை வாங்கிக் குடித்து, பேஷ் பேஷ் என்று சொல்லிவிட்டு, வாசலுக்கு வந்ததும் தெருவைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், போய்விட்டார். முப்பத்தாறை முப்பத்திரண்டு ஆக்கினேன். பிறகு இருபத்தெட்டு. வாழ்நாள் முழுதும் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு இந்தக் கணக்கு பிடிபடவே இல்லை. விலை இறங்க இறங்க வருகிறவர்களின் சந்தேகம் ஏறியது.

"இன்னாத்துக்குக் கொறைக்கிறாருன்னு கேக்கறான் சார்" என்றார் தரகர். "ஏத்துனா வரமாட்றான். எறக்குனா நம்ப மாட்றான். நான் இன்னாதான் பண்றது?"

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டுக்குக் குத்து வீடு என்று பெயர் வைத்தவனே நான்தான்.

அதற்கு இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அது ஒரு பட்டுத்தறிக்காரருடைய வீடு. தறிக்காரர் வீடு என்றுதான் ஊர் சொல்லும். தெரு முனையில் அப்போது பெரிய வைக்கோல் போர் ஒன்று இருந்தது. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்ததால், தெரு நேராக அந்த வாசலில் முட்டுகிறது என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. அவர் காஞ்சிபுரத்துக்கே போய்விட நினைத்து வீட்டை விலைக்குச் சொன்னார். இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். நியாயமான விலை. ஆனால் என் கையில் அவ்வளவு இல்லை. போதாததற்கு ரைஸ்மில்காரர் ஒருவரும் அந்த வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊர் டீக்கடையில் ஒரு வாரம் தினமும் காலையில் போய் உட்கார்ந்தேன். நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "வைக்கப் போரை எடுத்துட்டுப் பாருங்க. அது தெருக்குத்து. தெரிஞ்சவன் வாங்குவானா?" என்று சொன்னேன். வகுப்பில் ராகு காலத்தையும் எமகண்டத்தையும் கிண்டல் செய்கிற வாத்தியார் என்று எனக்குப் பெயர். அதனால்தான் அது அப்படி எடுபட்டது. அந்த வாத்தியாரே சொல்கிறார் என்றால் விஷயம் இருக்கிறது என்று ஊர் நினைத்தது. ரைஸ்மில்காரர் ஒதுங்கிக்கொண்டார். பிறகு தறிக்காரர் வீட்டுக்குப் போய் அவரிடமும் அதையே சொன்னேன். ஒரு லட்சத்து நாற்பதுக்கு முடிந்தது. மனைவியிடம் நல்ல பேரம் என்று மட்டும் சொன்னேன். எனக்கு எந்தக் குத்திலும் நம்பிக்கை இருந்ததில்லை. அந்த வீட்டில் நிம்மதியாகவே வாழ்ந்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பங்குனியில் தரகர் ஒரு வழி சொன்னார். "ஒரு புள்ளையார வெச்சிடு சார். குத்துக்கு எதிர்ல புள்ளையார் குந்திக்கினாருன்னா எல்லாம் கட்டுப்பட்டுடும். பார்ட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்."

காம்பவுண்டு சுவரில் தெருவைப் பார்த்து ஒரு மாடம் கட்டி, ஒரு அடி உயரத்தில் கல் பிள்ளையார் வாங்கி வைத்தேன். என்னிடம் படித்த ஒருவன் பைக்கை நிறுத்தி, "சார், நீங்களுமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். நான் சுவரில் சிமெண்டு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் நின்றேன்.

மூன்றாம் நாள் காலையில் பால்காரம்மா ஒரு விளக்கு ஏற்றினார். ஒரு வாரத்தில் மாலை வந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை ஆரம்பித்ததும் தெருப் பிள்ளைகள் வரிசையாக நின்று தோப்புக்கரணம் போட்டார்கள். எங்கள் கேட்டைத் திறக்க வேண்டுமானால் அவர்கள் எண்ணி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். யாரோ புது பைக் வாங்கி, எங்கள் வாசலில் எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றினார்கள். சங்கடஹர சதுர்த்திக்கு அபிஷேகம், சுண்டல், ஒலிபெருக்கி. ஒரு நாள் காலையில் பார்த்தால் மாடத்துக்குக் கீழே சங்கிலி போட்ட உண்டியல். என் மனைவி ஜன்னலோரம் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதங்களில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்தப் பிள்ளையாரை வைத்துத்தான்.

"வூடு வாங்க ஆள் வரலன்னா இன்னாங்க, சுண்டலாவது வருதே" என்பாள்.

வீடு வாங்க ஒரு ஆள் வந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். குத்தைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. நான் மனத்துக்குள் ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டியே விட்டேன். அவர் சுவரைப் பார்த்தார். "முன்னாடி கோயில் மாதிரி இருக்கே சார். எங்க வீட்டுல வாரத்துல நாலு நாள் கறி. தெருவுல யாராவது ஏதாவது சொல்வாங்க. நாளைக்கு இது கோயில் இடம்னு கூடச் சொல்வாங்க" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

பிள்ளையாரை எடுத்துவிடலாமா என்று பால்காரம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இன்னா சார் பேசற நீ? வெச்ச சாமிய எடுக்கறதா? நீ வெக்கறப்போ உன் புள்ளையாரு. இப்ப அது தெரு புள்ளையாரு. வோணும்னா நீ போ, அவரு வரமாட்டாரு."

ஆக, ஒரு குறையோடு இருந்த வீட்டுக்கு இரண்டாவது குறையையும் நானே செலவு செய்து வாங்கி வைத்தேன். விலையை இருபத்திநான்காக இறக்கினேன். தரகர் போனை எடுப்பதையே குறைத்துக்கொண்டார். வைகாசி போனது. மனைவியின் கால் அப்படியே இருந்தது. ஒரு நாள் அவள் தன் வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, யாருடைய பொருளையோ நகர்த்தி வைப்பதுபோலக் கட்டிலில் நகர்த்தி வைத்ததைப் பார்த்தேன். வெளியே போய்க் கிணற்றடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஆனி முதல் வாரத்தில், தரகர் இல்லாமல், கேட்டில் தொங்கிய 'வீடு விற்பனைக்கு' போர்டைப் பார்த்து ஒரு பெண்மணி ஸ்கூட்டரில் வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக மாற்றலாகி, காஞ்சிபுரத்திலிருந்து தினமும் வந்துபோய்க்கொண்டிருந்தார். எல்லோரும் செய்வதுபோல அவர் தெருவைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக உள்ளே வந்தார். முதலில் என் மனைவியின் காலைப் பிடித்துப் பார்த்தார். "விரல் அசையுது இல்ல? அப்ப வந்துடும்மா" என்றார். பிறகு நான் காட்டாமலே பின்கட்டு அறைக்குப் போய் நின்றார்.

"இங்க தறிக்குழி இருக்குமே சார். மூடிட்டீங்களா?"

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் தறிக்காரரின் மகள். பதினைந்து வயது வரைக்கும் அந்த வீட்டில் வளர்ந்தவர்.

வீடு அவருக்கு வேண்டும். கடனும் தயார். ஒரே ஒரு சிக்கல்தான் என்றார். "எங்க நைனாதான் சார். வயசாயிடுச்சி, என் கூடத்தான் கீறாரு. அந்த வூட்டுப் பேச்சே எடுக்காதேன்றாரு. எங்கம்மா இந்த வூட்லதான் செத்தாங்க. மஞ்சக்காமால. கடைசில கொண்டுபோய் ஆஸ்பத்திரில சேத்தோம், கைய விரிச்சி வூட்டுக்கே அனுப்பிட்டாங்க. நான் நர்ஸு, நான் சொல்றேன், மஞ்சக்காமாலன்னு. நம்ப மாட்றாரு. குத்துதான் அடிச்சிது, வாத்தியாரே சொன்னாருன்றாரு. நான் தெரிஞ்சிக்காம அவள அங்க வெச்சிக்கினு கீந்தேன், நான்தான் கொன்னுட்டேன்னு இன்னிக்கும் சொல்லிக்கினு கீறாரு. நீங்க ஒருவாட்டி வந்து பேசுங்க சார். நீங்க சொன்னா கேப்பாரு."

நான் முன்பே ஒன்றை விட்டுவிட்டுத்தான் எழுதினேன். தறிக்காரர் வீட்டுக்குப் போய் அதையே சொன்னேன் என்று எழுதினேன் அல்லவா? அன்று அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு புதுப் படம் மாட்டியிருந்தது. மாலை காயவில்லை. அவர் மனைவி இறந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. குத்து என்று சொல்லியும் அவர் விலையைக் குறைக்க மறுத்தபோது, அதற்கு மேல் நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. தெருவைப் பார்த்தேன். பிறகு அந்தப் படத்தைப் பார்த்தேன். அவரும் என் பார்வையோடு போய்ப் படத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பேரம் பேசவில்லை.

மறுநாளே காஞ்சிபுரம் வருவதாகச் சொல்லி அந்த நர்ஸை அனுப்பிவைத்தேன். என்ன சொல்வது என்று பஸ்ஸில் போகும்போதே தயார் செய்துகொண்டேன். குத்து இருந்தது உண்மை, இப்போது பிள்ளையார் வைத்தாகிவிட்டது, தோஷம் போய்விட்டது. அவ்வளவுதான். அவரும் சமாதானமாவார், வீடும் விற்கும், என் மானமும் நிற்கும். கிளம்பும்போது என் மனைவி, "இந்தவாட்டியாவது முடிச்சிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தாள். அவளுக்கு விஷயம் எதுவும் தெரியாது.

சின்ன வாடகை வீடு. தறிக்காரர் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். வாசலுக்கே வந்து என்னை அழைத்துப் போனார். நாற்காலியைத் துண்டால் தட்டி உட்காரச் சொன்னார். மகள் காபி எடுத்துவர உள்ளே போனதும், என் பக்கத்தில் வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரே, என்னை மன்னிச்சிடுங்க."

எதற்கு என்று கேட்டேன்.

"உங்க வூட்டுக்காரம்மாவுக்குக் கால் வுழுந்துடுச்சாமே. பொண்ணு வந்து சொல்லிச்சி. நைட்டெல்லாம் தூக்கம் இல்ல எனக்கு. அன்னிக்கு நீங்க வந்து எடுத்துச் சொல்லலன்னா என் புள்ளைங்களையும் அது வாரிக்கினு போயிருக்கும். எங்கள வெளிய அனுப்பிட்டு நீங்க உள்ள போனீங்க. படிச்சவரு, தைரியசாலி, அவர ஒண்ணும் பண்ணாதுன்னு நானும் மனச தேத்திக்கினேன். கடைசில உங்க வூட்டம்மாவ அடிச்சிடுச்சே. நான்தானே உங்க தலையில கட்டினேன்? தெரிஞ்சே கட்டினேனே!"

அவர் கண் கலங்கியிருந்தது. தறி நெய்து விரல் ஓரமெல்லாம் காய்ப்பு ஏறிய கை. அது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் நான் தயார் செய்த பிள்ளையார் எங்கே போனார் என்று தெரியவில்லை. வீடு போனால் போகட்டும் என்றுகூட நான் நினைக்கவில்லை. நல்லவனாக இருக்க வேண்டும் என்று யோசித்தும் சொல்லவில்லை. அந்தக் கையைத் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடை, ரைஸ்மில்காரர், வைக்கோல் போர். கடைசியில் அந்தப் படத்தை எதற்காகப் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். "குத்துன்னு ஒண்ணு இல்லீங்க. அப்பவும் எனக்குத் தெரியும். உங்க சம்சாரம் மஞ்சக்காமாலையிலதான் போனாங்க. நீங்க ஒரு தப்பும் பண்ணல. என் சம்சாரத்துக்கு வந்தது ரத்தக் கொதிப்பால. மாத்திரையை ஒழுங்கா போடல."

அவர் மகள் காபி டம்ளர்களோடு கதவருகில் நின்றுவிட்டார். எதிலிருந்து கேட்டார் என்று எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டதுபோல் இருந்தது.

தறிக்காரர் தன் கையை எடுத்துக்கொண்டார்.

"அப்போ நான் அவள சாவடிக்கல?" என்று கேட்டார்.

"இல்ல."

"வூடு சாவடிக்கல?"

"இல்லீங்க."

"இருவத்தெட்டு வருசம்" என்றார். பிறகு, "யோவ் வாத்தியாரே, நீ கணக்குப் பாடம்தானே சொல்லிக் குடுத்த? நல்லாத்தான்யா போட்ட கணக்கு" என்றார். 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. எனக்கு அதுதான் சரி என்று பட்டது. அவர் எழுந்து உள்ளே போனார். முகம் கழுவும் சத்தம் கேட்டது. நான் எழுந்து நின்றேன். மகள் என்னைப் பார்க்காமல், "குந்துங்க சார். நைனா ஒண்ணும் சொல்லாம அனுப்ப மாட்டாரு" என்றார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இன்னா வெல சொல்ற இப்போ?"

"இருபத்திநாலு. நீங்க எவ்வளவு கம்மி கேட்டாலும் சரி. அன்னிக்கு மூணுல ஒரு பங்கு நான் குறைச்சேன். இன்னிக்கு அதே மாதிரி..."

"வாய மூடு" என்றார். "மொதல்ல இன்னா வெல சொன்ன?"

"முப்பத்தாறு."

"பக்கத்துத் தெருவுல அதே மாதிரி வூடு இன்னாத்துக்குப் போவும்?"

"அதே முப்பத்தாறுதான்."

"அப்போ முப்பத்தாறுதான் வெல. சல்லிசா வாங்குனா ஊர்ல இன்னா சொல்வான்? குத்து வூடு, அதான் வந்த வெலைக்குத் தள்ளிட்டான்னு சொல்வான். என் பொண்டாட்டி செத்த வூடு அது. நல்ல வூடுன்னா நல்ல வூட்டு வெலதான் குடுக்கணும்."

"நைனா!" என்றார் மகள். "லோன் கட்டப் போறது நானு. இருவத்திநாலுன்னு அவரே சொல்றாரு, நீ இன்னாடான்னா ஏலம் வுடற?"

"நீ சும்மா கீ."

"சும்மா கீன்னா? பின்கட்டுல ஓதம் கீது, பெயிண்ட் போயிக் கீது, தறிக்குழிய வேற மூடி வெச்சிக் கீறாரு. முப்பத்திநாலு. அதுக்கு மேல ஒரு பைசா இல்ல."

அப்பாவும் மகளும் என் வீட்டுக்காக என் முன்னாலேயே விலையை ஏற்றி இறக்கிச் சண்டை போட்டார்கள். விற்கிறவனைக் கேட்பார் யாருமில்லை. முப்பத்திநான்கில் நின்றது.

"அன்னிக்கு நீ கொறைச்சது என்னுது. அத தனியா என் கையில குடு. இவகிட்ட குடுத்தா வராது" என்றார் தறிக்காரர். குடுக்கிறேன் என்றேன். "இன்னொண்ணு. அந்த டீக்கடை கீதா இன்னும்?"

"இருக்குங்க. இப்ப மகன் நடத்துறான்."

"அன்னிக்கு எப்டி சொன்ன? நாலு பேரு காதுல வுழற மாதிரி. அதே மாதிரி போய்ச் சொல்லு. அப்புறம் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வரேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் முதல் முறையாக முழுக் கதையையும் சொன்னேன். அவள் வெகுநேரம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எழுந்திருக்கக் கை கொடுத்தபோது, "டீக்கடைக்கு என்னிக்குப் போறீங்க?" என்று கேட்டாள்.

"நாளைக்குக் காலையில."

"என்னையும் தள்ளிக்கினு போங்க. இருவத்தெட்டு வருசமா குத்து வூட்டு வாத்தியாரம்மான்னு கூப்பிட்டுக்கினு கீறானுங்க. நானும் கேக்கணும்."

மறுநாள் காலை அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பெஞ்சின் கோடியில், எண்பதைத் தொட்ட பழைய ரைஸ்மில்காரரும் உட்கார்ந்து பன்னை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். பள்ளியில் ஆயிரம் பேருக்கு முன்னால் தடுமாறாத நான் அன்று இரண்டு முறை ஆரம்பித்து நிறுத்தினேன். எப்படியோ சொல்லி முடித்தேன்.

யாரும் நம்பவில்லை!

"இன்னா சார், வாங்கறவங்க நல்லாருக்கணும்னு இப்டி எல்லாம் பேசற. பெரிய மனசு சார் உனக்கு" என்றான் கடைக்காரன்.

"அதான் புள்ளையாரு வெச்சாச்சே. குத்து போயிடுச்சி. வுடு சார்" என்றார் இன்னொருவர்.

பொய் சொன்னபோது ஒரே வாரத்தில் நம்பிய ஊர், உண்மை சொன்னபோது என்னைத் தட்டிக்கொடுத்தது. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். ரைஸ்மில்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பன்னைக் கீழே வைத்தார்.

"இன்னா வெலைக்குப் போச்சி?"

"முப்பத்திநாலு."

"முப்பத்திநாலா? ரொக்கமா?"

"பேங்க் லோன். பேங்க்காரன் வந்து பார்த்துட்டுத்தான் குடுக்கிறான்."

அவர் டம்ளரைச் சுற்றிச் சுற்றி யோசித்தார். "குத்து வூடு முப்பத்திநாலுக்குப் போவாதுய்யா. அப்போ இந்த ஆளு நெசமாத்தான் சொல்றான். அடப்பாவி வாத்தியாரே, அந்த வூட்ட நான் இல்ல வாங்கியிருக்கணும்!"

கடையே சிரித்தது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவன்தான். என் வார்த்தையை நம்பாத ஊர் விலையை நம்பும் என்று, பள்ளிக்கூடம் அதிகம் போகாத தறிக்காரருக்குத் தெரிந்திருந்தது.

ஆனி கடைசி வாரத்தில் பத்திரம் பதிவானது. அவருக்குச் சேர வேண்டிய எழுபதாயிரத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் மரத்தடியில் நின்று, "வெயிலா கீது. சாப்ட்டுப் போங்க வாத்தியாரே" என்றார். அந்த 'போங்க' எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

செங்கல்பட்டுக்கு வந்தபோது டாக்டர் சொன்ன கெடு ஏறக்குறைய முடிந்துவிட்டிருந்தது. ஆனாலும் என் மனைவி தினமும் போனாள். தீபாவளிக்குள் வாக்கரைப் பிடித்து நின்றாள். இப்போது ஒரு கைத்தடியோடு தெருமுனைப் பால் பூத்துவரை தானே போய்வருகிறாள். கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள். பின்னால் நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்து, "சீக்கிரம் வாங்க" என்று அதட்டவும் செய்கிறாள்.

போன மாதம் அந்த நர்ஸ் போனில் பேசினார். பின்கட்டு அறையில் தன் அம்மாவின் படத்தை மாட்டியிருக்கிறாராம். அவர் அப்பா சாயங்காலம் ஆனால் பிள்ளையார் மாடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாராம். வெளியூர்க்காரர் யாராவது வந்து குத்து வீடு எது என்று கேட்டால், "அப்டி ஒரு வூடு இந்த ஊர்ல இல்ல, போ" என்று அனுப்பிவிடுவாராம்.

நான் தயவாகச் சொன்னதாக நம்பி, என் பொய்யை இருபத்தெட்டு வருடம் நெஞ்சில் சுமந்தவர், கடைசியில் என்னிடமே மன்னிப்புக் கேட்டுப் பிடித்த அந்தக் காய்ப்பு ஏறிய கையை என்னால் மறக்க முடியவில்லை. இன்றும் யாராவது, நீங்கள் படித்தவர், ஒரு யோசனை சொல்லுங்கள் என்று வந்தால், வாயைத் திறப்பதற்கு முன்னால் அந்தக் கையை ஒரு முறை நினைத்துக்கொள்கிறேன்.